உடல் முதலில் வீடு வரும்

விளக்குப் போடும் நேரத்துக்கு ருத்ரேஷின் உடல் வீட்டுக்கு வந்தது. ருத்ரேஷ் இன்னும் வரவில்லை.

உடல் ஷூவைக் கழற்றி இரண்டையும் ஒட்டிவைத்தது. குளித்துத் துவட்டிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. தன்ஷிகா தட்டில் தோசை வைத்தாள். அது ஒரே அளவுத் துண்டுகளாகப் பிய்த்து, இரண்டு பக்கப் பற்களுக்கும் சமமாக வேலை கொடுத்து மென்றது. அவள் எதிரே உட்கார்ந்து அதன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தோசையின் நடுவில் இமைகள் தாறுமாறாக அடித்துக்கொண்டன. தாடை நின்றது. கழுத்து கொஞ்சம் கூனியது.

"சட்னில உப்பு பத்தல," என்றான் ருத்ரேஷ்.

வந்துவிட்டான். அவள் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

கோயம்புத்தூரில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற யாரும் பயிற்சி நடக்கும்போது அங்கே இருப்பதில்லை. பிடரியில், மண்டை ஓடும் கழுத்தும் சேரும் இடத்தில், காசளவில் ஒரு வில்லை பொருத்தியிருப்பார்கள். மூளை உடலுக்கு அனுப்பும் கட்டளைகளும் உடல் மூளைக்கு அனுப்பும் செய்திகளும் அந்தக் குறுகலான வழியாகத்தான் போய்வருகின்றன. ரயில்பாதையில் தடம் மாற்றுவதுபோல அங்கே ஒரு மாற்று வைத்துவிட்டால், உடலை வேறொன்று ஓட்டலாம். ஓட்டுவதன் பெயர் பயிற்றி. அது ஒரு மென்பொருள். கூடத்தில் இருக்கும் எல்லா உடல்களையும் ஒரே பயிற்றிதான் ஓட்டும். உடலுக்குச் சொந்தக்காரர் அந்த நேரம் முழுக்க இளஞ்சூடான மங்கலில் கிடப்பார். கனவு கிடையாது, வலி கிடையாது. அதிகாரப்பூர்வமாக அதற்கு ஒப்படைப்பு என்று பெயர்; பேச்சில் "உள்ள போறது" என்பார்கள். வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வருவதுபோலத்தான். வெளியே வரும்போது வியர்வைகூடத் துடைத்திருக்கும்.

இதனால் ஊரில் தொப்பை ஒழிந்தது. இரண்டு தலைமுறையாக யாருக்கும் மூச்சு வாங்கியதில்லை.

ஒரே ஒரு சிக்கல்தான். பயிற்றி யாரையும் இழுத்து வெளியே கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். உடல் உங்களுடையது என்பதால் தாழ்ப்பாளும் உங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் அது கூப்பிடும். நீங்களாகத் திறந்துகொண்டு வர வேண்டும். சிலர் தாமதமாக வருவார்கள். கூடத்தில் உடல்களை அடுக்கிவைக்க இடமில்லாததால், அப்படிப்பட்டவர்களைப் பயிற்றியே நடத்தி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ருத்ரேஷ் சென்ற வருடம் கூடத்தின் வாசலிலேயே விழித்துக்கொள்வான். பிறகு பாதி வழியில். இப்போது தோசையின் நடுவில்.

இதற்கு அடுத்தது என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் முழுக்க வராமல் போனவர்கள் பெரும்பாலும் பிறகு வருவதே இல்லை. தாழ்ப்பாளைத் திறக்கும் பழக்கம் விட்டுப்போகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த உடல்களுக்குக் கூடத்தின் பின்வரிசையில் இடம் உண்டு. அவை நன்றாக இருக்கும். தினமும் பயிற்சி செய்யும்.

தன்ஷிகா அவனைப் போகாதே என்றுதான் சொல்லிப் பார்த்தாள். அவன் சண்டை போடுகிறவன் இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். நாளெல்லாம் மற்றவர்களின் விபத்துகளைப் படித்துப் படித்து, பேச்சைச் சேமித்துவைத்துக்கொள்பவன்.

"போகாம உடம்பை யாரு பாத்துக்கறது?" என்றான். "நீ சொல்லித் தர்றியா?"

கிண்டலாகத்தான் கேட்டான். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி, கற்றுக்கொண்டு சொல்லித் தருகிறேன் என்று மனதுக்குள் முடிவு செய்தாள். இவனை உள்ளே அனுப்பாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்ய வைக்க வேண்டும். அதற்கு முதலில் அவளுக்கே தெரிய வேண்டும்.

கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் மிதுன்ராஜிடம் போய், பயிற்றி இல்லாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்றாள். விதிகளில் அதற்குத் தன்பயிற்சி என்று பெயர் இருந்தது. அவன் அந்த வார்த்தையைத் திரையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"மேனுவலாங்க்கா? அதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்லீங்க," என்றான். "தடுக்கறதுக்கு ரூல் இல்ல. ஆனா உள்ள லைட் கெடையாதுங்க."

அவளும் பல வருடங்களாக அந்தக் கூடத்துக்கு வருகிறவள்தான். வாசலில் கண்ணை மூடி வாசலில் திறப்பாள். உள்ளே பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தாள். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் என்னென்ன தேவைப்படாதோ அவை எதுவும் அங்கே இல்லை. கண்ணாடி இல்லை. பாட்டு இல்லை. சுவருக்குச் சாயம் இல்லை. தரையோரத்தில் மட்டும் மங்கலான நீல வெளிச்சம். அதில் நூறு உடல்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்து ஒன்றாக விட்டார்கள்.

அவள் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார்களின் அதிர்வைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். அதனால் ஒன்றைக் கவனித்தாள். எடைகள் தரையில் இறங்கும் சத்தம் மட்டும் ஒன்றாக வரவில்லை. மழைத்துளிபோலக் கலைந்து கலைந்து வந்தது. எல்லா எடையும் ஒரே தாளத்தில் இறங்கினால் கட்டிடம் அதிரத் தொடங்கும். பயிற்றி அதைக் கணக்கிட்டுக் கலைத்துவைத்திருந்தது. அடடா, என்று நினைத்தாள். பயத்தின் நடுவிலும் அந்த நேர்த்தி அவளுக்குப் பிடித்திருந்தது.

மிதுன்ராஜ் ஒரு மூலையில் டியூப் லைட் மாட்டிக்கொடுத்தான். அவள் எடை மாட்டாத வெறும் கம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழப் பார்த்தாள். பக்கவாட்டில் விழுந்தாள்.

அந்தக் காலத்து மனிதர்களுக்கு இது நேர்மாறாக நடந்திருக்கும். புதிதாகப் பயிற்சி தொடங்கும் ஒருவருக்கு முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தசை வளர்ந்து அல்ல, நரம்புகள் பழகி. எந்தத் தசையை எப்போது கூப்பிடுவது, எதை அடங்கியிருக்கச் சொல்வது என்று மூளை கற்றுக்கொள்ளும். தசை பிறகு மெதுவாக வரும். தன்ஷிகாவிடம் தசை முன்பே வந்துவிட்டது. குதிரைத் தொடை, கல் போன்ற முதுகு. அவற்றைக் கூப்பிடத்தான் தெரியவில்லை. எல்லாம் பயிற்றியின் குரலுக்கு மட்டுமே பழகியிருந்தன. ஒரு டம்பெல்லைத் தூக்கினால் கை தலைக்கு மேலே பறந்தது. மெதுவாக இறக்கு என்றால் கல்லாக நின்றது.

வெறும் கம்பியோடு கொஞ்ச நேரம் போராடியதும் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. தொண்டை காய்ந்தது. காற்று எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. சாகப்போகிறோம் என்று நினைத்து, சுவரில் இருந்த அவசரச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். மிதுன்ராஜ் ஓடி வந்து கையடக்கத் திரையை அவள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணுமில்லீங்க. இதுக்குப் பேருதான் மூச்சு வாங்கறது. நானே இப்பத்தான் பாக்கறன்."

மறுநாள் காலையில் தொடையில் யாரோ ஆணி அடித்ததுபோல இருந்தது. அதுவும் எப்போதும் இருந்ததுதான். வில்லை அந்தச் செய்தியை மேலே போகவிடாமல் மடக்கிவைத்திருந்தது. பயிற்றி இல்லாததால் இப்போது எல்லாச் செய்தியும் அவளிடமே வந்தது. அவள் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினாள். ஆனாலும் மாலையில் போனாள்.

மூன்றாவதோ நான்காவதோ மாலையில் அது நடந்தது. அவள் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தபோது, இரண்டு கையிலும் எடையோடு ஒரு பெண்ணின் உடல் அவளைக் கடந்து போனது. போகிற போக்கில் நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை. கண்கள் சுவரைப் பார்த்தன.

"முட்டி உள்ள சாயுது," என்றது. போய்விட்டது.

தன்ஷிகா கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நெடுநேரம் கழித்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், முட்டியை வெளிப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். சரியாக வந்தது.

"குதிகால்ல அழுத்தம்," என்றது இடப்புறம் படுத்து எடை தூக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் வாய்.

"வெச்சுக்கோங்க," என்றது வலப்புறம் ஒரு இளைஞனின் வாய்.

யோசித்தால் அதில் வியப்பில்லை. பயிற்றியை உருவாக்கியவர்கள் ஆரம்பத்தில் அதைக் கற்றுக்கொடுக்கத்தான் உருவாக்கினார்கள். மக்களுக்குக் கற்றுக்கொள்ளப் பொறுமையில்லை. நீயே செய்துவிடு என்றார்கள். அது செய்தது. ஆனால் கற்றுக்கொடுக்கும் பகுதியை யாரும் அழிக்கவில்லை. இத்தனை வருடங்களில் அதன் கண் முன்னால் தவறாகச் செய்த முதல் மனிதர் தன்ஷிகா. அதற்கு ஸ்பீக்கர் கிடையாது. அருகில் எந்த வாய் இருக்கிறதோ அதில் பேசியது. ஒரு வாக்கியம் ஒரு வாயில் தொடங்கி, கூடத்தைச் சுற்றிவந்து, வேறு வாயில் முடிந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "மூச்சு" என்று மட்டும் சொன்னபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை. வருடக்கணக்கில் பேசாத தொண்டை. துருப்பிடித்த கீல் திறப்பதுபோல இருந்தது.

"ஒரே வாயில பேசுங்களேன்," என்றாள் இருட்டைப் பார்த்து. "பயமா இருக்கு."

நூறு உடல்களும் மூச்சை விட்டன.

"எந்த வாய்?" என்றது யாரோ ஒருவரின் வாய்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். தூணுக்குப் பக்கத்தில் ருத்ரேஷின் உடல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அத்தனை முகங்களில் தெரிந்த முகம் அது ஒன்றுதான். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

அன்றிலிருந்து ருத்ரேஷின் உடல் அவள் பக்கத்தில் பயிற்சி செய்தது. தன் வேலையை நிறுத்தாமலே அவளைக் கவனித்தது. நல்ல ஆசிரியர்தான். ஏன் என்று கேட்டால் சந்தோஷமாக விளக்கியது. எடையை ஏற்றுவதைவிட இறக்கும்போதுதான் தசை அதிகம் கற்கிறது என்றது. மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கினால், காற்றடைத்த டயர்போல உள்ளிருந்து முதுகெலும்பைத் தாங்கும் என்றது. நிறுத்த வேண்டிய வலி எது, தாங்க வேண்டிய வலி எது என்று பிரித்துக்காட்டியது: கூர்மையாக ஒரே புள்ளியில் குத்தினால் நிறுத்துங்கள், பரவலாக எரிந்தால் இன்னும் இரண்டு முறை. ருத்ரேஷ் அவளை நீ என்பான். இது நீங்க என்றது. அவனுடைய குரல்தான். ஆனால் அவசரமில்லாத குரல்.

வீட்டுக்கு நடக்கும்போதும் பேச்சு தொடர்ந்தது. அவளுடைய வேலை என்ன என்று அது கேட்டது. பேரிங் கெடுவதற்கு முன்னால் அதிர்வு எப்படி மாறும் என்று சொன்னாள். அது ஒரு நிமிடம் யோசித்து, அப்படியென்றால் உங்கள் இடது முட்டியிலும் அதைக் கேட்கலாமே என்றது. இருவரும் ஒரு பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து நின்று, லாரி போகும்போது அதிர்வு எத்தனை நேரம் தங்குகிறது என்று பார்த்தார்கள். ருத்ரேஷோடு அவள் அந்தப் பாலத்தில் நின்றதே இல்லை.

அவளுக்கு முறையாக வரத் தொடங்கிவிட்டது. கம்பியில் எடைத் தட்டு ஏறியது. வேண்டிய அளவு தெரிந்துவிட்டது என்றும், இனி அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றும் அவளுக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சரியாகப் பழகிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அடுத்த வாரம் ஆகட்டும் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

அவன் தோசையைத் தாண்டி வர ஆரம்பித்தான். பாத்திரம் கழுவும்போது வந்தான். படுக்கையில் வந்தான்.

ஒருமுறை மட்டும் சாப்பிடும்போதே வந்துவிட்டான். கம்பெனியில் புது மேலாளர் நல்ல மோட்டாரைப் பழுது என்று கழற்றிவைத்த கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த உடல், சிரிப்பு என்ற தசைப் பயிற்சியை அவளிடமிருந்து சமீபத்தில்தான் கற்றிருந்தது. கொஞ்சம் தாமதமாக, ஆனால் நன்றாகவே சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் இமைகள் அடித்துக்கொண்டன. கழுத்து கூனியது.

"என்ன சிரிப்பு?" என்றான் ருத்ரேஷ்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

அவள் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். விபத்துப் படங்களைப் பார்த்து நடந்ததைச் சொல்வது அவன் தொழில். தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, சாம்பார் நல்லா இருக்கு என்றான். அவன் எதையும் நல்லா இருக்கு என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் அவனும் அவளும் சேர்ந்துதான் கூடத்துக்குப் போனார்கள். வாசலில் அவன் அவள் கையை லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனான். அன்று இரவு அவன் வரவில்லை. விடிந்ததும் உடல் எழுந்து பல் துலக்கியது. அவனுடைய வேலைத் திரையின் முன்னால் உட்கார்ந்து, அதற்கு அனுமதி இல்லாததால், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவள் அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். ருத்ரா, ருத்ரா என்று கத்தினாள். "நான்தான் கேக்கறேன். காது இப்ப என்கிட்ட இருக்கு," என்றது உடல் மென்மையாக.

மாலையில் கூடத்து வாசலில் மிதுன்ராஜ் அவளைத் தனியாக அழைத்தான். எப்போதும் இருக்கிற விளையாட்டு அவன் முகத்தில் இல்லை. பொழுது சாய்வதற்குள் சார் வரவில்லை என்றால் பின்வரிசைக்கு எழுத வேண்டியிருக்கும் என்றான். தூணுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது, நீங்கள் பயிற்சி செய்யும் மூலையிலிருந்து பார்க்கலாம் என்றான்.

உள்ளே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. ருத்ரேஷின் உடல் அவளுடைய கம்பியில் தட்டுகளை மாட்டி முடித்திருந்தது. முந்தைய நாளைவிட ஒரு தட்டு அதிகம்.

"இன்னிக்கு இதைத் தூக்குவீங்க," என்றது.

"அவரு ஏன் வரல?"

"நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம்ங்கறார்." அது தயங்கியது. தயங்குவதையும் எங்கோ கற்றிருந்தது. "ஏன்னு கேட்டேன். அவ சிரிச்சுட்டிருக்கா, சிரிக்கட்டும்ங்கறார்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி குளிர்ந்திருந்தது.

"நான் கூப்பிடறது அவருக்கு அலாரம் மாதிரி," என்றது பயிற்றி. "தள்ளிவிட்டுட்டுப் படுத்துக்கலாம். நீங்க கூப்பிட்டா அப்படி முடியாதுன்னு நினைக்கிறேன். இதுவரைக்கும் யோசிக்கல, ராத்திரிதான் யோசிச்சேன். அவரை இழுக்கத்தான் எனக்கு அனுமதி இல்ல. உடம்புல ஒரு பாகத்தை முன்னாடியே திருப்பிக் கொடுக்கலாம். காதை மட்டும் ஒரு நிமிஷம் அவர்கிட்ட விட்டுடறேன். நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வந்துடுவார்."

"நிச்சயமா வருவாரா?"

"வருவார். வந்தா நான் இந்த உடம்புல இருக்க முடியாது. இங்க உங்களுக்கு வேற வாய் பாத்துக்கலாம். வீட்டுக்கு வர முடியாது."

கூடம் மொத்தமும் மூச்சை இழுத்தது. வாசல் வழியாகத் தெரிந்த வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்து இடத்தை யாரோ துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். இதற்காகத்தானே வந்தோம், என்று அவள் நினைத்தாள். அவனை அழைத்துக்கொண்டு போகத்தான் இந்த முட்டிவலி, இந்தக் கை காய்ப்பு எல்லாம். ஒரு பெயர். மூன்றே எழுத்துச் செல்லப் பெயர்.

"கூப்பிடலாம்," என்றது உடல். "காதை விட்டுடட்டுமா?"

தன்ஷிகா குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்தாள். தோளில் அதன் இடத்தைத் தேடிப் பொருத்தினாள். வயிற்றை இறுக்கினாள்.

"இந்த செட் முடியட்டும்," என்றாள்.

"சரி," என்றது ருத்ரேஷின் குரல். பின்னால் வந்து, அவள் விழுந்தால் பிடிக்கத் தயாராக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றது. "ஒண்ணு."